நான் அச்சடித்த வாக்குத்தத்தம்

எங்கள் சபையில் வருடப்பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரும். வெள்ளி மாதிரி மினுங்கும் தட்டு. அடியில் நூல் பின்னிய துணி, அதன்மேல் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடி, மனதுக்குள் ஜெபித்து, ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வந்தது எதுவோ அதுதான் அந்த வருடத்துக்குக் கர்த்தர் உங்களுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம். எழுந்து நின்று சத்தமாக வாசித்தால் சபை முழுவதும் ஆமென் சொல்லும். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டிவைத்து வருடம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு சீவிக்க வேண்டும்.

அந்த அட்டைகளை அச்சடித்தவன் நான். திருகோணமலை உட்துறைமுகப் பக்கத்தில் எனக்கொரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, கலியாணக் காட், மரண அறிவித்தல். அரசாங்கக் கச்சேரி அலுவலாகக் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிற சனம் காணிப் பத்திரத்தைப் பிரதி எடுக்க என்னிடம் வரும். மார்கழி பிறந்ததும் பாஸ்டர் ஒரு பட்டியல் கொண்டுவந்து தருவார். நான் அதைத் தட்டச்சு செய்து, மூலையில் ஒரு புறாவோ ரோசாப்பூவோ போட்டு, மஞ்சள் அட்டையிலும் ரோசா நிற அட்டையிலும் அச்சடித்து, வெட்டி, கட்டிக் கொடுப்பேன். வருடப்பிறப்பன்று தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போவதும் நான்தான். பதினைந்து வருடமாக அந்த வேலை என் தலையில் இருந்தது.

பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருடம் நான் ஆர்வக்கோளாறில் சிலுவை சுமப்பதைப் பற்றியும் உபத்திரவம் வரும் என்பதைப் பற்றியும் இரண்டு மூன்று வசனங்களை நானாகச் சேர்த்திருந்தேன். பாஸ்டர் பார்த்துவிட்டு மெதுவாக எடுத்துப் புறம்பே வைத்தார்.

"கஷ்டமான வசனம் வேண்டாம் பிரதர். சனம் வருசம் முழுக்கப் பயந்து சாகும்."

அன்றிலிருந்து எங்கள் தட்டில் இருந்த கடவுள் ஒருவரையும் ஏசியதில்லை. ஆசீர்வதிப்பார், உயர்த்துவார், எதிரிகளை ஓட்டுவார், வயலை விளையச்செய்வார். பிறந்த நாள் முதல் கிறிஸ்தவனாக இருந்த எனக்கு அதில் சிரிப்புத்தான் வரும். கைக்குழந்தையில் ஞானஸ்நானம், பதினாலு வயதில் பாடகர் குழு, நாற்பது வயதில் சபைக் கணக்காளன். விசுவாசம் எனக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி. போட்டிருப்பேன், போட்டிருக்கிறேன் என்ற நினைப்பு இராது.

என் மனைவி அப்படி இல்லை. அவள் சம்பூர்ப் பக்கம். இரண்டாயிரத்து ஆறில் யுத்தத்தால் அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது உடுத்த சீலையோடு வந்தவள். முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு பெண் காலையில் பாட்டுப் படித்து ஜெபிப்பாளாம். இவள் முதலில் எரிச்சலோடு கேட்டாளாம், பிறகு அந்தப் பாட்டு இல்லாமல் விடியாதாம். அப்படித்தான் கர்த்தரிடம் வந்தாள். சொந்தக்காரர் சிலர் பல காலம் அவளோடு கதைக்கவில்லை. அவளுக்கு அதில் கவலை இருந்தது, ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நான் கண்ட மனிதரில் சந்தோஷமாக இருந்தவள் அவள் ஒருத்திதான். பாக்கிப்பேர் எல்லாரும் சந்தோஷமாக இருப்பதாகச் சாட்சி சொன்னவர்கள்.

மீன் வெட்டும்போது பாடுவாள். பஸ் வராவிட்டால் நன்றி சொல்லுவாள், வந்தால் பிறகும் நன்றி சொல்லுவாள். மீளக் குடியேற விட்ட பிறகு சம்பூருக்குப் போய்த் தன் காணியைப் பார்த்தாள். கிணறு தூர்ந்து, தென்னை ஒன்றும் மிச்சமில்லாமல் கிடந்தது. நான் வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டிக்கொண்டு நின்றேன். அவள் அந்த நிலத்தில் முழங்காலில் இருந்து ஜெபித்துவிட்டு எழுந்து, "வாங்கோ, போவம்" என்றாள். வரும் வழியெல்லாம் என்னைத்தான் தேற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க ஆசையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதில் ஒரு துளிகூட எனக்கு ஒட்டவில்லையே என்ற எரிச்சல்.

வருடப்பிறப்பு அட்டையை அவள் குசினி அலுமாரிக் கதவில் ஒட்டுவாள். மார்கழி வரும்போது அது எண்ணெயும் புகையும் பட்டு மங்கியிருக்கும். புது அட்டை வந்ததும் பழையதைக் கிழியாமல் உரித்து ஒரு தகரப் பிஸ்கட் ரின்னில் போட்டுவைப்பாள். ஒருமுறை பகைவரும் சமாதானமாவார்கள் என்ற பொருளில் ஓர் அட்டை வந்தது. அடுத்த நாளே இறால் கறி ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வேலிச் சண்டைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். வேலிச் சண்டையும் தீர்ந்தது. நான் அது இறாலின் வேலை என்று பகிடி பண்ணினேன்.

கலியாணமாகி மூன்றாம் வருடம் வந்த அட்டைதான் எனக்குப் பகிடியாக இருக்கவில்லை. மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று அதில் இருந்தது. சபையில் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், கிழவிகள் வந்து கட்டிப்பிடித்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து, முன்னறையில் கிடந்த கதிரை ஒன்றைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையடியில் போட்டாள். அந்த வருடம் முழுவதும் அந்தக் கதிரை வெறுமையாக அங்கேயே கிடந்தது. வந்த கிழவிகள் ஒருவரும் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த வருடப்பிறப்பன்று அட்டையை உரித்து ரின்னில் போட்டபடி சொன்னாள்:

"நான் சரியா விளங்கிக்கொள்ளேல்லைப் போல. வேற ஏதோ கருத்தாக்கும்."

தன்மேல் பிழையைப் போட்டாள். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. கொடுக்க மனமில்லாவிட்டால் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டேன், அவளிடம் இல்லை, மேலே பார்த்து. அதுதான் நான் அந்தக் காலத்தில் செய்த ஒரே உண்மையான ஜெபம் என்று இப்போது நினைக்கிறேன்.

இனி நான் செய்ததைச் சொல்லுகிறேன்.

ஒரு மார்கழி மாதம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றாள். நான் அன்றே ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊசி குத்திப் பரிசோதித்தார்கள். முடிவு வந்தது. கட்டி கூடாததுதான், புற்றுநோய், ஆனால் வேளைக்குப் பிடித்தாயிற்று, கொழும்புக்குப் போய் உடனே வெட்டி எடுத்தால் பயப்பட ஒன்றும் இல்லை என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். தையில் திகதியும் எடுத்துத் தந்தார்.

அவள் பயந்தாள். முகாமுக்கும் ஷெல்லுக்கும் பயப்படாதவள் கத்திக்குப் பயந்தாள். பாட்டு நின்றுபோனது. குசினியில் சட்டி பானை மட்டும் சத்தம் போட்டன. அந்த இரண்டு கிழமையும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவள் சந்தோஷம் எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"வருசப்பிறப்புக்குக் கர்த்தர் என்ன சொல்லுறாரெண்டு பாத்திட்டுக் கொழும்புக்கு வாறன்" என்றாள்.

எனக்கு அந்தக் கதிரை நினைவுக்கு வந்தது. இந்தமுறை வயல் விளையும் என்றோ வெள்ளாடு பெருகும் என்றோ ஓர் அட்டை வந்தால் இவள் என்ன செய்வாள்? வேறு ஏதோ கருத்தாக்கும் என்று மனம் உடைந்துபோய்க் கத்திக்குக் கீழே படுப்பாள். கடவுளை நம்பி அந்தக் காரியத்தை விட எனக்குத் துணிவில்லை. கடையில் பட்டியலை அடித்து முடித்த பிறகு, பட்டியலில் இல்லாத ஒரு வசனத்தைத் தேடி எடுத்தேன். நீ சாகமாட்டாய், உயிரோடிருந்து என் செயல்களைச் சொல்லுவாய் என்ற பொருளுடையது. ரோசா நிற அட்டையில் ஒன்றே ஒன்று அடித்தேன். புறா போடவில்லை, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

வருடப்பிறப்பன்று தட்டை ஏந்திக்கொண்டு போனேன். அந்த அட்டை என் பெருவிரலுக்குக் கீழே இருந்தது. அவள் வரிசைக்கு வந்தபோது கண்ணை மூடியிருந்தாள். உதடு அசைந்தது. கை தட்டுக்குமேல் வந்து, எதை எடுப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் அலைந்தது. நான் அட்டையை அவள் விரலுக்குள் தள்ளினேன்.

அவள் எழுந்து நின்று வாசித்தாள். பாதியில் குரல் உடைந்தது. அவளுடைய நோய் சபைக்குத் தெரியும். ஆமென் என்று கூரை அதிரச் சொன்னார்கள். நானும் சொன்னேன், பக்கத்திலிருந்தவரைவிடச் சத்தமாக.

வீட்டுக்கு நடந்து போகும்போது கடற்கரைத் தெருவில், ஊருக்குள் திரியும் மான்கள் நின்று யாரோ கொட்டிய முட்டைக்கோவா இலையைத் தின்றுகொண்டிருந்தன. அவள் அவற்றோடும் கதைத்தாள். பாட்டுத் திரும்பி வந்துவிட்டது. கடவுள் செய்யத் தவறியதை நான் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

கொழும்புக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது பயணப் பையை எடுத்து வைத்தேன். அவள் அதை எடுத்துத் திரும்பவும் அலுமாரிக்குமேல் வைத்தாள்.

"ஏன் இது?"

"கொழும்புக்கெல்லே போறம்."

"கர்த்தர் சொல்லிப்போட்டார். பிறகேன் வெட்டவேணும்?"

துணிவு வரட்டும் என்று கொடுத்த அட்டையை அவள் சுகம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். வெட்டினாலும் சாகமாட்டாய் என்று நான் அடித்திருக்க வேண்டுமாக்கும். அப்படி ஒரு வசனம் எங்கும் இல்லை. பதினைந்து வருடம் தட்டோடு திரிந்த எனக்கு எங்கள் ஆட்கள் ஓர் அட்டையை எப்படி வாசிப்பார்கள் என்று தெரியாமல் போனது. ஒரு கதிரையைத் தூக்கி மேசையடியில் போட்டவள் பையைத் தூக்கி அலுமாரிக்குமேல் வைக்காமல் என்ன செய்வாள்?

கெஞ்சினேன், கத்தினேன். ஒருநாள் முழுக்க அவளோடு கதைக்காமல் இருந்தும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு, ஒரே பதில்.

"உங்களுக்கு விசுவாசம் காணாது. பரவாயில்லை, எனக்கிருக்கிறது ரெண்டு பேருக்கும் காணும்."

திகதி போனது. அடுத்த ஞாயிறு எழும்பிச் சாட்சி சொன்னாள். அந்த நாள்களில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். அவ்வளவு ஒளி, அவ்வளவு நிம்மதி. அவளைப் பார்த்து வேறு இரண்டு வீடுகளில் குடும்ப ஜெபம் தொடங்கினார்கள். என்னைப் பார்த்து, கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றார்கள். நான் தலையை ஆட்டினேன்.

மாசியில் தாங்க முடியாமல் பாஸ்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதரல்ல, என்னைப்போல் பயந்தவர்.

"இதைச் சபைக்குச் சொல்லாதேங்கோ பிரதர். பிறகு ஆரும் தட்டில கை வைக்க மாட்டினம்."

"சபையை விடுங்கோ பாஸ்டர். அவளை ஆசுப்பத்திரிக்குப் போகச் சொல்லி நீங்கள் ஒருசொல் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பாள்."

"தேவன் தந்த வாக்கை நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

"தேவன் தரேல்லை. நான்தானே தந்தனான்."

அவர் என் தோளில் கை வைத்தார். "உங்கட கையைக் கர்த்தர் பாவிச்சிருக்கலாம்தானே. யோசிச்சுப் பாருங்கோ."

அது சப்பைக்கட்டு என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கையோடு கொண்டுவந்தேன். இரண்டு மாதத்துக்குமேல் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். ஆம், கர்த்தர் என் கையைப் பாவித்திருக்கிறார், பெருவிரலைப் பாவித்திருக்கிறார், அச்சு மெஷினையும் பாவித்திருக்கிறார். அவளைச் சாகக் கொடுப்பதைவிட அவளிடம் பொய்யனாக நிற்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. இதைப் பூசி மெழுகுவதற்கு வேறு சொல் இல்லை.

வைகாசியில் ஒரு காலை, கடைக்குப் போக வெளிக்கிட்டவன் முற்றத்தைப் பார்த்தேன். அவள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வலக்கை கொடிவரை எழும்பவில்லை. இடக்கையால் ஈரச் சீலையை எறிந்து எறிந்து கொடியில் விழுத்தப் பார்த்தாள். மூன்றுமுறை மண்ணில் விழுந்தது. மூன்றுமுறையும் எடுத்து அலசிக்கொண்டு வந்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரியாது. வாய் பாடிக்கொண்டுதான் இருந்தது, கண் மட்டும் நோவில் சுருங்கியிருந்தது.

நான் போய்ச் சீலையை வாங்கிக் கொடியில் போட்டேன். பிறகு குசினிக்குள் கூட்டிவந்து இருத்தினேன்.

"அந்தக் காட் நான் அடிச்சது. பாஸ்டரின்ர லிஸ்டில இல்லை. நான்தான் உம்மட விரலுக்குள்ள தள்ளினனான்."

அவள் அலுமாரிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழுவாள், ஏசுவாள், பொய் சொல்லுகிறீர்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். எழும்பிப் போய்ப் பிஸ்கட் ரின்னை எடுத்துவந்து, அட்டைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டாள்.

"இது?"

"இல்லை."

"இது?"

"இல்லை. சத்தியமா இல்லை. இந்த வருசம் மட்டும்தான்."

"இது?"

பதின்மூன்று அட்டை. பதின்மூன்றுமுறை இல்லை என்றேன். என் இல்லைக்கு அன்று என்ன மதிப்பு? பகைவர் சமாதானமானதும் பொய்யோ, பஸ் வந்ததும் பொய்யோ என்று அவள் மனம் ஓடுவது முகத்தில் தெரிந்தது. முகாமில் அந்தப் பெண்ணின் பாட்டைக் கேட்ட நாளிலிருந்து சேர்த்துவைத்த எல்லாவற்றையும் நான் ஒரு பெருவிரலால் கலைத்துவிட்டேன். கடைசியாக, பிள்ளைகளைப் பற்றிய அட்டையில் விரலை வைத்தாள். மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் வைத்திருந்தாள்.

"இது?"

"இல்லையம்மா."

"அதையாவது நீங்கள் செய்திருக்கலாம்" என்றாள்.

பிள்ளைகளைப் பற்றிய அந்தப் பொய் என்னுடையதாக இருந்திருந்தால் அவளுடைய கடவுளாவது அவளுக்கு முழுதாக மிஞ்சியிருப்பார்.

அடுத்த கிழமை கொழும்புக்குப் போனோம். பையை அவளே அடுக்கினாள். பயணம் முழுவதும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், பாடவில்லை, ஜெபிக்கவும் இல்லை. அங்கே டொக்டர் பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கோபமாகக் கேட்டார், தையில் வரச் சொன்னவர்களுக்கு ஏன் இவ்வளவு காலம் என்று. நான் வாயைத் திறந்தேன்.

"பயத்தில வரேல்லை டொக்டர்" என்றாள் அவள், எனக்கு முந்தி.

டொக்டர் அவளை ஏசினார். படித்த ஆட்கள் இப்படிச் செய்யலாமா, வீட்டுக்காரர் எவ்வளவு கவலையோடு நிற்கிறார் பாருங்கள் என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு விழ வேண்டிய அடி முழுவதையும் அவள் வாங்கினாள். நான் கவலையோடு நிற்கும் வீட்டுக்காரனாக நின்றேன்.

வெட்டினார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. ஒரு வருடம் கொழும்புக்கும் திருகோணமலைக்குமாக அலைந்தோம். அதற்குள் அது எலும்புக்குப் போய்விட்டது. தையில் வந்திருந்தால் என்று ஒரு டொக்டரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

தட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். கை நடுங்குகிறது என்று காரணம் சொன்னேன், அதுவும் பொய். உள்ளதைச் சொல்ல இன்னும் என்னால் முடியவில்லை. அட்டைகளை இப்போது வேறு கடையில் அடிக்கிறார்கள். தட்டில் இன்னும் இனிப்பான வசனம்தான்.

மருந்தேற்றிய காலத்தில் ஒருநாள் காலை ஆசுப்பத்திரி வாட்டுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது அவள் மெல்ல முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. பாட்டு. மாதக்கணக்காகக் கேட்காத பாட்டு. தொப்பி போட்ட தலையோடு, வறண்ட உதட்டோடு, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இந்த மனுசிக்கு என்ன பாட்டு?

"இப்ப எதை நம்பிப் பாடுறீர்?" என்று கேட்டேன். "ஒரு வாக்கும் இல்லையே."

"இல்லைத்தான்."

"பிறகு?"

தேத்தண்ணியை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். "முந்தி வாக்கைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான். இப்ப ஆளைப் பிடிச்சிருக்கிறன். அவர் ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. சும்மா கிட்ட இருக்கிறார்."

"சுகம் வராட்டி?"

"வராட்டியும் இருப்பார்." பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களை மன்னிச்சிட்டன். அது அப்பவே. ஆனா கோவம் போகேல்லை. ரெண்டும் கிடக்கு. ஒண்டுக்காக மற்றதை மறைக்க ஏலாது."

அந்தக் கோபத்தோடுதான் கடைசிவரை என்னோடு அன்பாக இருந்தாள். சில நாளில் நான் கொடுத்த சோற்றை வாங்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள். சில நாளில் என் சேட்டுக்குப் பொத்தான் தைத்துத் தருவாள். ஆனால் அந்தப் பாட்டு பிறகு நிற்கவில்லை. அது பழைய சந்தோஷம் இல்லை. பழையதில் ஒரு சின்னப்பிள்ளைத்தனம் இருந்தது. இது அழுது முடித்த பிறகு வருகிறது, எதையும் எதிர்பார்க்காதது. நான் அதைப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். நம்பாமல் இருக்க முயன்றும் பார்த்தேன், முடியவில்லை.

கடைசியில் திருகோணமலை ஆசுப்பத்திரியில் இருந்தாள். ஒரு பின்னேரம் பாஸ்டர் வந்து சுகத்துக்காக நீளமாக ஜெபித்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"நீங்கள் ஒருக்கா ஜெபியுங்கோ."

"நானோ?"

"ஓம். இவ்வளவு வருசத்தில எனக்காக நீங்கள் ஒருநாளும் வாய்விட்டு ஜெபிச்சதில்லை."

பக்கத்துக் கட்டிலில் மூதூர்ப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள், அவளைப் பார்க்க வந்த சனம் சுற்றி நின்றது. சபையில் எத்தனையோமுறை எழுதிவைத்த ஜெபத்தை வாசித்திருக்கிறேன். அதெல்லாம் கடை வேலை.

"என்னால ஏலாது" என்றேன். "நான் பொய்யன். நான் கேட்டு அவர் என்ன செய்யப்போறார்?"

"அப்ப அதைச் சொல்லியே தொடங்குங்கோ."

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, நான் பொய்யன்" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"ஆமென்" என்றாள் அவள், வலு தெளிவாக. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, அடங்கிய பிறகு மிச்சத்தைச் சொன்னேன். இவளை எடுக்காதேயும் என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன், அழுதேன், பக்கத்துக் கட்டில்காரர் பார்ப்பதும் தெரியவில்லை. அதற்கு அவள் ஆமென் சொல்லவில்லை. என் கையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பதினொரு நாளில் போய்விட்டாள். நான் கேட்டது கிடைக்கவில்லை. சந்தோஷமாகப் போனாள் என்று செத்தவீட்டில் எல்லாரும் சொன்னார்கள், அது உண்மை. தையில் போயிருந்தால் இன்னும் இருந்திருப்பாள், அதுவும் உண்மை. நான் கடையைத் திறக்கமுன் ஒவ்வொரு காலையும் முன்னறைக் கதிரையில் இருந்து, ஆண்டவரே, நான் பொய்யன் என்றுதான் தொடங்குகிறேன். பிறகு ஒன்றும் கேட்பதில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பயம் இல்லாமல் இருக்கிறது. அவர் கிட்ட இருக்கிறார் என்று அவளைப்போல அதைச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.